ராணி அழ வந்த நாள்

அந்தப் படத்தை விருதுநகரில் எங்கள் முதலாளியம்மா வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கையெழுத்து வாங்கப் போனவனை, "உக்காருங்க தம்பி, முடியப்போகுது" என்று நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். தமிழில் குரல் கொடுத்த ஏதோ வெளிநாட்டுப் படம். படகு மூழ்கி நிறையப் பேர் செத்துப்போகிறார்கள். கிழட்டு ராணி அரண்மனையை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள். சனம் வாசலில் கூடி நின்று கத்துகிறது. கடைசியில் அவள் மேடையேறி நாலு வரி வாசிக்கிறாள். அதற்கும் ஏச்சுதான் விழுகிறது.

முதலாளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செத்தவர்களுக்காக அல்ல, ராணிக்காக. "பாவம், அவளை நிம்மதியா இருக்க விட மாட்டேங்கிறாகளே" என்றார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? கம்பெனியில் கடிதம் எழுதுகிற ஆள் நான். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்வேன். "ராணி பேசுனதுதாம்மா தப்பு. நம்ம ஊர்க்காரியா இருந்தா செத்தவுக வீட்டுக் கேதத்துக்குப் போயி கட்டிப்பிடிச்சு அழுதிருப்பா. சோலி முடிஞ்சிருக்கும்" என்றேன். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தீபாவளி சீசனிலேயே, எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் பட்டாசு ஆலையில் வெடிக்கு மருந்து செலுத்தும் அறை வெடித்தது. மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. நான்தான் அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். நாலு பேர் மட்டும் இருக்க வேண்டிய அறை அது. ஏழு பேரை உட்கார வைத்திருந்தார்கள். "ஆர்டர் நிக்குது, நெருக்கி உக்கார வையி" என்று முதலாளியம்மா போர்மேனிடம் போனில் சொன்னபோது நான் எதிர் நாற்காலியில் இருந்தேன்.

போலீஸ் எழுதிய காகிதத்தில் வேறு காரணம் இருந்தது. அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் தீ கிளம்பியதாம். அவள் மருந்தைக் கவனக்குறைவாகக் கையாண்டதாம். பெரியம்மாவுக்கு ஒருவர் அதை வாசித்துக் காட்டினார். அவ்வளவுதான், ஆஸ்பத்திரி வாசலில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"பணங்காசு பெறகு இருக்கட்டும். என் மக கை தப்புப் பண்ணலன்னு அந்த ஆலைக்காரி வந்து வாயால சொல்லணும். அப்பந்தான் பிள்ளைய வாங்குவேன்" என்றாள். மற்ற இரண்டு குடும்பமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டு நாள் மூன்று உடல்களும் பிணவறையிலேயே கிடந்தன. சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து அதிகாரிகள் வந்து பேசிப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளியம்மா மட்டும் வாசல் தாண்டவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எனக்குப் போன் வந்தது. "தம்பி, அன்னைக்குப் படம் பாக்கயில ஒண்ணு சொன்னீகளே, அது சரிப்படுமா?"

சரிப்படாது என்று சொல்லியிருக்கலாம். போனை வைத்திருக்கலாம். நானோ, "சாயம்போன நூல் சேலையாக் கட்டுங்கம்மா. வளையல் வேண்டாம். காரைத் தள்ளி நிறுத்திட்டு நடந்து வாங்க. ஒரு வார்த்தை பேசாதீங்க. நேராப் போயி எங்க பெரியம்மாவப் பிடிச்சுக்கங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கேதத்துக்கு வந்து தலையோடு தலை சேர்த்து அழுகிறவளை ஏசக் கூடாது. பத்து வருசம் பேசாத நாத்தனார் வந்தாலும் இடம் விட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே வைத்து நியாயம் கேட்டால் செத்தவளுக்கு ஆகாது என்பார்கள். பெரியம்மா இந்த முறையெல்லாம் பிசகாதவள். அதை நம்பித்தான் சொன்னேன்.

சொன்னபடியே வந்தார்கள். மண்ணில் விழுந்து பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். தள்ளிவிடத்தான் பெரியம்மாவின் இரண்டு கையும் எழுந்தன. பிறகு முறை அந்தக் கைகளை இழுத்து முதலாளியம்மாவின் தோளில் போட்டது. "என் மக…" என்று பெரியம்மா இரண்டு தடவை ஆரம்பித்தாள். இரண்டு தடவையும் முதலாளியம்மா குரலை உயர்த்தி ஒப்பாரியில் அதை அமுக்கினார்கள். சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அதற்குமேல் யார் எதைக் கேட்பது?

ஒரு மணி நேரத்தில் பெரியம்மா உடலை வாங்கச் சம்மதித்தாள். அவளுக்குக் கையெழுத்துத் தெரியாது. கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவன் நான். காரில் ஏறும்போது முதலாளியம்மா, "சரியா இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார்கள். "ரொம்பச் சரிம்மா" என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க அங்கே ஒருவரும் இல்லை.

பதினாறாம் நாள் கழிந்து பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சாப்பாடு போட்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏலே, எம்புட்டுப் பெரிய மனுசி அவுக. மண்ணுல உக்காந்து என்னைய மாதிரியே அழுதாகளே. தப்பு அவுக மேல இருந்தா அப்படி அழுக வருமா? என் மகதாம்லே கவனமில்லாம இருந்திருக்கா. மூணு உசிரும் அவளாலதான போச்சு?"

"நெருக்கி உக்கார வையி" என்று முதலாளியம்மா அன்று போனில் சொன்னது வாய்வரை வந்தது. சோற்றோடு அதையும் விழுங்கினேன்.

"இருக்கும் பெரியம்மா" என்றேன்.