தாடிக்கார அந்தோனியாருக்கு ஒரு வெள்ளி இருதயம்

அருளானந்தனுக்குக் கோயில்களின் வரலாறு தெரியும். செபமாலை ஒழுங்காகச் சொல்ல வராது. மனைவி றோஸுக்கு நேர்மாறு. ஒஸ்லோவின் ஓரத்து மோர்டென்ஸ்ருட்டில் தங்கள் குடித்தனம் பெரிய சண்டையில்லாமல் ஓடுவதற்கு இந்தப் பங்கீடுதான் காரணம் என்று அவர் நம்பினார்.

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்து, நோர்வேயின் வடகோடியில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓட்டுநரானவர். 2006இல் ஒருநாள் நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரி நடையில் நின்று றோஸ் நேர்ந்துகொண்டார்: "அந்தோனியாரே, இந்த மனுசனைத் திருப்பித் தாரும். உம்முடைய காலடியிலை வெள்ளி இருதயம் வைக்கிறன்."

மனுசன் கிடைத்துவிட்டார். ஆனால் அந்த ஆவணியில் சண்டை மூண்டு ஊருக்கான பாதை மூடப்பட்டது. தீவுக் கோயிலுக்குப் போக வழியில்லை. வெள்ளி இருதயம் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே கிடந்தது. நேர்த்திக்கடன் றோஸின் தலையில் கிடந்தது.

அடுத்த கோடையில் நோர்வேக்காரர் வெயில் தேடித் தெற்கே பறந்தபோது, இவர்களும் பறந்தார்கள். அருளானந்தன் பிடித்தது சிசிலியில் ஒரு கடலோரக் கிராமம். சனம் சொற்பம், கோயில்கள் ஏழு. மீனவரும் இடையரும் முகம் பார்த்துக் கதைக்காததால், போட்டிக்குக் கட்டிக் கட்டி வந்த கணக்கு அது. ஒரு கோயில் பழைய கிரேக்கத் தூண்களை அப்படியே சுவருக்குள் விழுங்கியிருந்தது. இன்னொன்றுக்கு நிலநடுக்கத்தில் கோபுரம் போய், மணி மட்டும் வாசலில் மரச்சட்டத்தில் தொங்கியது.

"எங்கடை சனம்தான்," என்றார் றோஸ்.

கடைசிக் கோயிலின் வாசல் நிலையில் அந்தோனியார் பெயர் இருந்தது. உள்ளே வெள்ளைத் தாடியும் கையில் தடியுமாக ஒரு கிழவர், காலடியில் பன்றி.

"அந்தோனியார் கையிலை இருக்கிற குழந்தைப் பாலனைக் காணேல்லை?" என்று கேட்டார் றோஸ்.

"பழைய சிலையப்பா. உடைஞ்சு போயிருக்கும்."

"தாடி?"

"இஞ்சை வயது போனவராய்ச் செய்திருக்கினம்."

பன்றிக்கும் அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. நல்லவேளை, றோஸ் கேட்கவில்லை. சுவரில் வெள்ளித் தகட்டில் செய்த ஆடு, மாடு, கழுதைகள் தொங்கின. அவற்றின் நடுவே கணவரின் இருதயத்தைத் தொங்கவிட்டு, முழந்தாளிட்டு, ஆசைதீர அழுதார்.

ஒஸ்லோ திரும்பியதும் பயணத்தில் எடுத்த படங்களைப் பார்க்க கொன்ஸ்ரன்ரைன் வந்தார். அருளானந்தனின் பழைய சிநேகிதர், உபதேசியாரின் மகன்.

"அடேய், இவர் வனத்து அந்தோனியாரெல்லே! ஆடு மாட்டுக்கு வருத்தம் வந்தால் இவரிட்டைப் போறது. நாங்கள் கும்பிடுறது பதுவை அந்தோனியாரை. அவர் பிள்ளையோடை நிக்கிறவர்."

றோஸ் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அப்ப என்ரை நேர்த்தி?"

"பயப்பிடாதை தங்கச்சி. இவனுக்குப் பொருத்தமான ஆளிட்டைத்தான் குடுத்திருக்கிறாய்."

யாரும் சிரிக்கவில்லை.

றோஸ் படத்தைக் கையில் வாங்கி, தாடிக்காரரைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்டைக்கு நான் 'அந்தோனியாரே' எண்டுதான் கூப்பிட்டனான். பதுவையோ வனமோ எண்டு விலாசம் சொல்லேல்லை. கேட்டவர் வந்தவர். அது இவராயும் இருக்கலாம்தானே?"

"மற்றவராய் இருந்தால்?" அருளானந்தனின் குரல் இறங்கியிருந்தது.

"அவருக்கும் செய்வம். ரண்டு பேருக்கு நன்றி சொன்னால் குறைஞ்சே போவம்?"

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்குரிய நாள். அருளானந்தன் வேலை முறையை மாற்றிக்கொண்டு, ஏழைகளுக்குக் கொடுக்கப் பை நிறையப் பாண் ரொட்டியுடன் நகரத்துக் கோயிலுக்குப் போனார். வாசலில் குந்தியிருந்தவர்களுக்கு றோஸ் அதைப் பகிர்ந்தார். உள்ளே, யாரும் சொல்லாமலே அருளானந்தன் முழந்தாளிட்டார். இது புதினம். எழும்பியதும் றோஸ் கேட்டார்:

"என்ன சொன்னனீங்கள்?"

"ரண்டு பேருக்கும் நன்றி சொன்னனான்."

"நெஞ்சை வெட்டித் தைச்ச டொக்டருக்கு?"

"அந்தாள் கடவுளே இல்லை எண்டவரப்பா."

"அதுக்கு? அவருக்கும் சொல்லுங்கோ."

அருளானந்தன் மறுபேச்சில்லாமல் மீண்டும் முழந்தாளிட்டார்.