அச்சடிக்காத வருஷத்தில் பிறந்தவள்

ரெனே குபிசெக்குக்கு நாற்பது வயது தாண்டும் வரை நாணயங்கள் மேல் பிரியம் எதுவும் இருந்ததில்லை. சொல்லப்போனால், ஒரு நாணயத்தின் மேல் கோபம்தான் இருந்தது.

நெப்ராஸ்காவில் கிரீட் ஊருக்கு வெளியே அவளுக்குச் சொந்தமாக ஓர் இழுவை லாரி உண்டு. பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிய வண்டிகளையும், வழியில் நின்றுபோன வண்டிகளையும் கட்டியிழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது தொழில். கணவனோடு ஒத்துப்போகவில்லை, பிரிந்துவிட்டாள். லாரியோடு ஒத்துப்போனது.

கோபம் சிறுவயதில் வந்தது. வீட்டில் செக் மொழி பேசி வளர்ந்த அவளுடைய அப்பா லாடி, பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் உறுதிபூசுதல் என்ற சடங்கு நடக்கும் நாளில், அவரவர் பிறந்த வருஷம் பொறித்த பெரிய டாலர் நாணயம் ஒன்றைக் கையில் வைத்து அழுத்துவார். அண்ணன் மைலோவுக்கு 1972. தங்கை ஜோலீனுக்கு 1978. நடுவில் 1975இல் பிறந்த ரெனேவுக்கு மட்டும் ஒரு கைக்கடிகாரம். ஏன் என்று கேட்டால், "கடிகாரம் நல்லா ஓடுதில்ல?" என்பதோடு சரி. மைலோ விடுவானா? "உன் வருஷத்துல கவர்மென்ட் டாலரே அடிக்கலடி. நீ வர்றேன்னு தெரிஞ்சதும் மிஷினை நிறுத்திட்டாங்க" என்பான். அது வெறும் கேலி என்றுதான் அவள் வெகுகாலம் நினைத்திருந்தாள்.

ஒரு மார்ச் மாதக் காலையில், ஆலங்கட்டி கலந்த மழையில், லிங்கன் நகருக்குப் போகும் சாலையில் ஒரு பழைய வேன் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. வேன்காரர் ஓரின் ட்வீட். நாணயக் கண்காட்சிகளில் மேசை போட்டு விற்கிற கிழவர். வேனைக் கட்டியாயிற்று. அவர் லாரியில் ஏறி, ஒரு தகரப்பெட்டியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"இல்லாத காசு இருக்கும்மா" என்றார் ஓரின்.

பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் ஜனாதிபதியின் வழுக்கைத் தலை, மறுபக்கம் நிலாவில் இறங்கும் கழுகு. கழுத்துக்குக் கீழே 1975. ரெனே லாரியை ஓரங்கட்டினாள். மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டு, கையுறையைக் கழற்றி வாங்கிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் இது கிடையவே கிடையாதுன்னானே."

"சரியாத்தான் சொல்லியிருக்கார். நாட்டுக்கு இருநூறு வயசு வருதுன்னு அந்த வருஷமே அடுத்த வருஷத் தேதியைப் போட்டு அடிச்சுட்டாங்க. எழுபத்தஞ்சுன்னு டாலரே வரல. இது கொலராடோவுல ஒருத்தர் தன் பட்டறையில அடிச்சது."

"அப்போ கள்ளக்காசு."

"கள்ளக்காசுன்னா இருக்கிறதைப் பார்த்து அடிக்கிறது. இல்லாததைப் பார்த்து எவனாவது அடிப்பானா? அதுவும் வெறும் தகட்டுல அடிக்கல. நிஜ டாலரை எடுத்து வெச்சு, அது மேலயே புது அச்சை இறக்கியிருக்கார்."

ரெனேவுக்கு அங்கேதான் பிடித்தது. "அப்போ உள்ள இருந்த காசு?"

ஓரின் பூதக்கண்ணாடியை நீட்டினார். கழுகின் இறக்கைக்குப் பக்கத்தில், வேறொரு இறக்கையின் விளிம்பு மயிரிழையாகத் தெரிந்தது. பழைய நாணயம் போகவில்லை. அமுங்கிக் கிடந்தது. பின்னால் ஒரு தானிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும் வரை அவள் தலை நிமிரவில்லை. லிங்கன் போய்ச் சேர்வதற்குள் அதை விலைக்கு வாங்கிவிட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு கண்காட்சிக்கும் போனாள். அரசாங்கம் அடிக்காமல் விட்ட வருஷங்களாகத் தேடி வாங்கினாள். மற்றவர்கள் தேதியைப் பார்ப்பார்கள். அவளோ, அடியில் எது மிச்சம் என்று பார்ப்பாள். நாணயச் சங்கத்தில் வெர்லின் என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர், "பொம்மைக் காசு வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்பார். "பொய்ப்பல் கட்டி வீடு கட்டினவர் நீங்க. உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். ஆனாலும் நாணயங்களை வைக்கிற ஒவ்வொரு அட்டை மேலும், "இது அரசு அடித்ததல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தாள். தனக்குப் பிறகு யாரும் இவற்றை வைத்து யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது என்ற பயம்.

அப்பாவிடம் அந்த முதல் நாணயத்தைக் காட்ட அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. லாடிக்கு அப்போது எண்பத்துமூன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாங்கி வரும் கசகசா வைத்த பன்னைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவார். அன்றைக்கு அட்டையிலிருந்து எடுத்த நாணயத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அந்த பேங்க்காரன் பொய் சொல்லியிருக்கான்!"

"எந்த பேங்க்காரன்?"

"எல்லாப் பயலுந்தான்! கிரீட், வில்பர், டார்செஸ்டர், எல்லா ஊரு பேங்க்லயும் ஏறி இறங்கினேன். அப்படியொரு காசே இல்லைன்னானுங்க. எனக்கு இங்கிலீஷ் சரியா வராதுன்னு ஏய்க்கிறானுங்கன்னு நெனச்சேன். இதோ இருக்கே! இரு, மைலோவுக்குப் போன் போடறேன்."

அவர் எழுந்து தொலைபேசியை எடுத்துவிட்டார். விட்டுவிடலாமா என்று ரெனே ஒரு கணம் யோசித்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்து வெகுநாளாயிற்று. ஆனால் மைலோ போனை வைத்த அடுத்த நிமிஷமே உண்மையைக் கண்டுபிடித்துவிடுவான்; அப்புறம் அப்பா இரண்டாம் தடவை ஏய்க்கப்பட்டவர் ஆகிவிடுவார்.

"வேணாம்ப்பா. அவங்க பொய் சொல்லல. இது ஒருத்தர் தானா அடிச்சது."

அவர் தொலைபேசியை வைத்தார். ஓரின் சொன்னதையெல்லாம் அவள் சொன்னாள். லாடி படுக்கையறைக்குள் போனார்; இழுப்பறையைக் கிளறுகிற சத்தம் கேட்டது. கைக்குட்டையில் சுற்றிய ஒன்றோடு திரும்பி வந்தார். ஒரு டாலர். 1974.

"இதுதான் கிட்டத்துல வரும்னு வில்பர் பேங்க்ல குடுத்தான். எனக்கு மனசு வரல. பக்கத்து வீட்டுப் புள்ளயோட சட்டையை உனக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு. அதான் கடிகாரம்." நாணயத்தை மேசையில் வைத்தார். "அந்தக் கொலராடோக்காரன் இது மேல அடிச்சுத் தருவானா?"

கோடையில் லாரியிலேயே போனார்கள். பட்டறைக்காரர் டெல்மார், கிரீஸ் படிந்த கைகளோடு தன் ராட்சத அழுத்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, நாணயத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அடிச்சுடலாம். ஆனா அடிச்சப்புறம் எழுபத்தி நாலு திரும்பி வராது. யோசிச்சுக்கோங்க."

ரெனே தயங்கினாள். அப்பா இத்தனை வருஷம் அவளுக்காக வைத்திருந்தது இதுதானே. தேதி பிசகாக இருந்தால் என்ன?

"லேசா அடிங்களேன்" என்றாள். "பழசும் தெரியணும்."

டெல்மாருக்குச் சுருக்கென்றது. "பழசு தெரியாம அடிக்கிறதுதாம்மா என் வேலையே. மிச்சம் தெரிஞ்சா அதைக் கழிச்சுக் கட்டிருவேன்."

"எனக்குக் கழிச்சதுதான் வேணும்."

"என் பட்டறைலேர்ந்து அசிங்கமா ஒண்ணு வெளிய போகாது."

லாடி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "தம்பி, அவ மூணு வயசுலேர்ந்தே இப்படித்தான். அடிச்சுக் குடுத்துட்டு நிம்மதியா இரு."

டெல்மார் முணுமுணுத்துக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்தார். இயந்திரம் இறங்கியபோது காலடியில் தரை அதிர்ந்தது. வெளியே வந்த நாணயம் உண்மையிலேயே பார்க்கச் சகிக்கவில்லை. ஜனாதிபதிக்கு இரண்டு மூக்கு. 5 என்ற எண்ணின் தோளுக்குப் பின்னால் 4இன் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் அடிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார் டெல்மார். லாடி இருமல் வருமளவுக்குச் சிரித்தார்.

வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், முட்டைத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அப்பா அந்த நாணயத்தை அவள் உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் மூடி அழுத்தினார். பரிமாறுகிற பெண் வந்து, "இன்னும் காப்பி ஊத்தட்டா?" என்று கேட்டாள். ஊற்றச் சொன்னார்கள்.

லாடி அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தார். டெல்மார் முதலில் முறைத்தாலும், பிறகு சரியாக விழாத நாணயங்களை உருக்குவதற்கு முன்னால் ஒரு பழைய காப்பி டப்பாவில் ரெனேவுக்காகப் போட்டுவைக்க ஆரம்பித்தார். இப்போது அவள் சேர்ப்பதெல்லாம் அவைதான். போன மாதம் வந்த ஓர் அரை டாலரில், புது அச்சுக்கு அடியில், யாரோ எப்போதோ கத்தி முனையால் கீறிய இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. முதல் எழுத்து K என்பதில் சந்தேகமில்லை. இரண்டாவதை விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறாள். ஒரு பக்கம் சாய்த்தால் R மாதிரி, மறுபக்கம் சாய்த்தால் B மாதிரி. லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே பூதக்கண்ணாடியோடு அதை வைத்திருக்கிறாள். அழைப்பு வராத நேரங்களில் எடுத்துப் பார்க்கிறாள்.