பேர் தந்தவனுக்கு ஒரு இலை

என்னோடு வேலை செய்யும் சீனப் பெண்ணின் குடும்பப் பெயர் அபூர்வமானது. சீனர்களே, "இப்படியும் ஒரு பெயர் இருக்கிறதா?" என்று கேட்பார்களாம். போன கோடையில் மதியச் சாப்பாட்டு நேரம் அதன் கதையைச் சொன்னாள். அரசனுக்குப் பயந்து ஓடிய அவளுடைய மூதாதைக்கு, ஆற்றங்கரையில் ஓர் உப்பு வியாபாரி தன் பெயரைக் கொடுத்துக் காவலர்களைத் தாண்ட வைத்தானாம். இன்றைக்கும் அவர்கள் கல்லறைக்குப் போகும் நாளில் முதல் கிண்ணம் சோறு அந்த வியாபாரிக்குத்தான்.

எங்கள் குடும்பப் பெயரும் இரவல்தான். ஏஜென்ட் கொடுத்த, யாரோ ஒருவனுடைய பாஸ்போட்டில்தான் அப்பா கனடாவுக்கு வந்தார். அந்தப் பெயரே எங்களுக்கும் நிலைத்துவிட்டது. களவெடுத்த பெயர் என்று எனக்கு எப்போதும் எரிச்சல். என் கலியாண அழைப்பிதழில்கூட அதைப் போட நான் விடவில்லை.

அந்த ஆடி அமாவாசைக்கு, வெக்ஸ்போர்ட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில், செத்துப்போன அப்பப்பாவுக்கு அப்பா படைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தச் சீனக் கதையைச் சொல்லி, "எங்களுக்குப் பேர் தந்த மனுசனுக்கும் ஒரு இலை போடுங்கோவன், அப்பா" என்றேன்.

அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு அப்பா நிமிர்ந்தார்.

"உனக்கென்ன விசரே? வெள்ளிக்கு வெள்ளி கோயில்லை அவன்ரை பேருக்கு அர்ச்சனை செய்விக்கிறன். அவன் செத்திட்டான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"