நூறு வரை எண்ணினால் விசா

ரஹ்மத் நிஷாவின் கோபம் மணமேல்குடி கடைத்தெருவுக்கே தெரியும். கெட்டுப்போன பால் பாக்கெட்டைத் தலையில் கட்டப் பார்த்த கடைக்காரரின் கல்லாவிலேயே அதை அறுத்து ஊற்றியவள். அப்படிப்பட்டவள் புருஷனிடம் மட்டும் இத்தனை காலம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள் என்றால், அதற்கு ஒரே காரணம் விசா.

சிராஜ் பாரிஸுக்குப் பக்கத்தில் ஓட்டல் வேலை பார்க்கிறான். மகள் நிலோஃபர் கைப்பிள்ளையாக இருக்கும்போது போனவன். நடுவில் ஒரே ஒரு தடவை வந்து, விருந்து சாப்பிட்டுத் திரும்பிவிட்டான். அங்கே தங்க அவனுக்குக் கார்டும் கிடைத்துவிட்டது. குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

"ஆனா பிரெஞ்சு தெரியாம விசா குடுக்க மாட்டான். மொதல்ல நூறு வரைக்கும் தப்பில்லாம எண்ணு. அப்பறம் பேப்பர் போடுறேன்" என்றான். பாவி மகள் நம்பினாள்.

நிஷா வீட்டில் பிளவுஸ் தைப்பவள். மிஷினில் போனைச் சாய்த்துவைத்து, யூடியூபில் ஒரு வெள்ளைக்காரி சொல்லச் சொல்ல, பெடலை மிதித்துக்கொண்டே சொல்வாள். ஆன், தெ, த்ருவா. நாக்கு படாத பாடு பட்டது. எண்ணுகிற கவனத்தில் ஒரு டீச்சரின் பிளவுஸுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டிவிட்டு, புதுத் துணி வாங்கிக் கொடுத்தாள். அறுபது வரைக்கும் எப்படியோ ஒப்பேற்றினாள். அதற்கு மேல்தான் வயிற்றெரிச்சல். எழுபதுக்குத் தனிப் பெயரே கிடையாதாம். அறுபது பத்து என்று சொல்ல வேண்டுமாம். எண்பது என்றால் நாலு இருபது. தொண்ணூறு என்றால் நாலு இருபது பத்து.

"எழுபதுக்கு ஒரு பேரு வைக்க இவனுகளுக்கு என்ன கேடு" என்று கத்திரிக்கோலை வீசி எறிந்தாள். பிறகு தானே போய் எடுத்துவந்து, மறுபடி ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பரீட்சை. திக்கினால் "மொதல்லேர்ந்து சொல்லு" என்பான் சிராஜ், என்னவோ வாத்தியார் மாதிரி. ஒருவழியாக நூறைத் தொட்டாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "இப்ப நூறுலேர்ந்து கீழ வா." எந்த நாட்டு ஆபீஸில் ஒரு பொம்பளையைத் தலைகீழாக எண்ணச் சொல்லுவான்? கேட்கிறவர்களுக்கே பற்றிக்கொண்டு வரும். நிஷாவோ பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் படித்தாள்.

இந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெரு சாமியா அதே பாரிஸுக்குப் புருஷனோடு போய்ச் சேர்ந்தாள். எத்தனை வரைக்கும் எண்ணச் சொன்னார்கள் என்று நிஷா போனில் விசாரித்தாள்.

"என்னக்கா சொல்றீங்க? எங்கிட்ட ஒண்ணுகூடக் கேக்கலையே. இங்கிட்டு வந்த பொறகுதான் கிளாஸுக்குப் போகச் சொல்றாங்க."

நிஷாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அவன் வாயாலேயே வரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தாள். சிராஜ் கூப்பிட்டதும் நூறிலிருந்து இறங்கினாள். எண்பதைத் தாண்டும்போது அந்தப் பக்கம் ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் அல்ல, அறை நிறைய ஆட்கள்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா மச்சான்?"

"சும்மா ஒரு தமாசுக்குத்தான். எல்லா வாரமும் கேப்பாங்க. நீ சொல்லு."

"சாமியாட்ட யாரும் எண்ணச் சொல்லலையாமே."

"அது வந்து... ரூல் மாறியிருக்கும்."

"சரி, இன்னிக்கு நான் ஒண்ணு கேக்குறேன். எல்லாரும் கேக்கட்டும். நிலோஃபருக்கு என்ன வயசு? பிரெஞ்சுலயே சொல்லுங்க."

"சேங்க்" என்றான் பட்டென்று. ஐந்து. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

சிரிப்பு நின்றது. அறையில் அவனோடு தங்கியிருக்கும் ஷேக் பரீது, பக்கத்து ஊர்க்காரர், போன லீவில் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு வரை வந்து பார்த்தவர், தணிந்த குரலில் சொன்னார்: "மாப்ள, ஏழுப்பா. ரெண்டாப்புப் புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்து எங்கிட்ட வாசிச்சுக் காட்டுச்சு."



"பேப்பரெல்லாம் போட வேணாம் மச்சான்" என்றாள் நிஷா. "மொதல்ல அந்த அண்ணன்ட்ட ஒக்காந்து ஏழு வரைக்கும் எண்ணக் கத்துக்கங்க."

போனை வைத்துவிட்டாள்.