வெளுத்த எழுத்தில் ஒரு வீடு

ஓய்வுபெற்ற பிறகு நான் செய்த பெரிய தவறு, எழுத்தின் நிறத்தைக் குறிக்கும் ஒரே ஒரு வரி.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இணையப் பக்கம் ஒன்று செய்துகொடுத்தேன். முப்பது வருடம் மென்பொருள் எழுதியவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தெருவின் பெயரைத் தொட்டால் வீடுகள் விரியும். வீட்டைத் தொட்டால் அங்கே இருப்பவர்களின் பெயர்கள் விரியும். எங்கள் தொழிலில் இதை ட்ரீ வியூ என்போம். எல்லா வரியும் ஒரே மாதிரி இருந்தால் கண்ணில் நிற்காது என்று, சொந்த வீட்டுக்காரர்களை 'போல்ட்' என்னும் தடித்த கறுப்பிலும், வாடகைக்கு இருப்பவர்களைச் சற்றே சிறிய வெளிர் சாம்பல் எழுத்திலும் போட்டேன். கண்ணுக்காக என்பது பாதி உண்மைதான். இன்று இருந்து நாளை காலி செய்கிறவர்களுக்குக் கறுப்பு எதற்கு என்று நினைத்தேன்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். கீழ்த்தளத்தில் ஒரு பள்ளி ஆசிரியையும், நடக்க முடியாத அவர் தாயும் வாடகைக்கு இருந்தார்கள். அதனால் பட்டியலில் அந்த வீடு முழுக்கச் சாம்பல்.

அந்தக் கார்த்திகையில் ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் ஏறியது. சிக்னல் போவதற்கு முன், படகோடு உதவ வந்த ஆட்டோக்காரருக்குப் பட்டியலை நானே அனுப்பினேன். கடைசி வீட்டுக்கு மட்டும் படகு போகவில்லை. பிற்பகலில் ஆசிரியை மாடிப்படியில் நின்று கத்திய பிறகுதான் தெரிந்தது: தாயைச் சாப்பாட்டு மேசைமேல் உட்காரவைத்துக் காலையிலிருந்து காத்திருக்கிறார்.

"அந்த வூடு மட்டும் வெளுப்பா கீது சார். ஆள் இல்லன்னு நெனச்சுக்கினோம்" என்றார் ஆட்டோக்காரர்.

"சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டும்" என்றேன். பொய்.

தண்ணீர் வடிந்ததும் ஆசிரியை வேறு வீடு தேடுவதாகக் கேள்விப்பட்டேன். மூன்று நாள் தயங்கிவிட்டுப் போனேன். அந்த நிறத்தை நானேதான் வைத்தேன், காரணம் இன்னது என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"ஆறு வருஷமா இருக்கோம், சார்" என்றார்.

உள்ளேயிருந்து தாயின் குரல் வந்தது. "நான் இன்னும் போகலன்னு மொதல்ல அதுல எழுதுப்பா!"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மடிக்கணினியைத் திறந்தேன். ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே கறுப்பு என்று மாற்றினேன். தடித்த எழுத்து யாருக்கு என்று கேட்டேன்.

"தூக்கிட்டுப் போக வேண்டியவங்களுக்கு. உங்க வயசு என்ன சார்?"

"எழுபத்தாறு. நான் நல்லா நடப்பேன்மா."

"தனியா, அதுவும் கீழ்த்தளத்துல இருக்கீங்க. போடுங்க."

போட்டேன். ஆட்டோக்காரரையும் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். "அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சார்?" என்றார்.

ஆசிரியையும் தாயும் வீட்டைக் காலி செய்யவில்லை. இந்த வருட மழையில் படகு முதலில் கடைசி வீட்டுக்குப் போனது. "இட்லி கூட வேகல, அதுக்குள்ளயா!" என்று தாய் அதட்டியது என் வாசல்வரை கேட்டது. அடுத்து என்னிடம் வந்தார்கள்.

"லிஸ்ட்ல போல்டா கீற சார், ஏறு" என்றார் ஆட்டோக்காரர்.

மடியில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்த தாய், மகளின் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.