வெளிச்சத்துக்குக் குறுக்கே

மரக்காணம் நண்பர்கள் மன்றத்தில் முதன்முதலாகப் பேச வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். திரையில் விழும் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். கிளியனூரிலிருந்து வந்த உரக்கடைக்காரர் ஒருவர் கடைசிவரை திரும்பவே இல்லை. நன்றி வணக்கத்தையும் திரைக்கே சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் புரொஜெக்டருக்கு நேர் எதிரே போய் நின்று, நெற்றியில் வாழைத்தாரோடு அரைமணி நேரம் முழங்கினார்.

இவர்களை ஒழுங்கு பண்ணுவது தேசப்பன் வேலை. அவர் கல்யாண வீடியோ எடுப்பவர். மன்றத்தின் புரொஜெக்டர் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கூட்டத்தன்று மத்தியானமே புதுப் பேச்சாளரை வரச் சொல்வார். ஒயரை மாட்டி, சிடியை லேப்டாப்பில் போட்டு, படங்கள் வரிசையாக வருகின்றனவா என்று பார்ப்பார். நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு கிழிப்பார்.

"கோட்டத் தாண்டாதீங்க. வெளிச்சத்துக்குக் குறுக்கால வராதீங்க. ஜனங்களப் பாத்துப் பேசுங்க, படத்த நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் பாடம். அப்புறம் புரொஜெக்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். கூட்டத்தில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை.

போன சித்திரையில் அவர் மனைவி ஜெயா உப்பளத்தில் வெயில் தாளாமல் விழுந்தாள். ஒதுங்க ஒரு கூரை இல்லாத இடம். தார் ரோட்டுக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. தேசப்பன் அழவில்லை. காரியம் முடிந்த மறுவாரமே பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணத்துக்கு கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் பேசியது. ஊருக்கென்ன, அழுதிருந்தாலும் ஏதாவது பேசியிருக்கும். உண்மையில் அவருக்குள் எதுவுமே இல்லை. மரத்துப்போன கால் மாதிரி, கிள்ளினாலும் வலிக்கவில்லை. வேளைக்குப் பசித்தது, படுத்தால் தூக்கம் வந்தது. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது.

2006 மாசி மாதக் கூட்டத்துக்கு சாலம்மாள் வந்தாள். ஜெயாவோடு ஒன்றாக உப்பு வாரியவள். மன்றம் வருஷத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்யும்; எது என்று மாசிக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வார்கள். இந்த வருஷம் பஸ் ஸ்டாண்டில் மணிக்கூண்டு என்று முக்கால்வாசிப் பேர் மனதுக்குள் முடிவு செய்திருந்தார்கள். உப்பளத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகையும் குடிதண்ணீர்த் தொட்டியும் வேண்டும் என்று கேட்க சாலம்மாளுக்கு இந்த ஒரு கூட்டம்தான் இருந்தது. விட்டால் கத்திரி வெயில் வந்துவிடும்.

மத்தியானம் ஒத்திகை பார்த்தார்கள். குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் முந்தின வருஷம் எடுத்துக் கொடுத்த படங்கள். கடைசிப் படத்தில் ஒரு பெண் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றிருந்தாள். உப்பளத்துப் பெண்கள் கண்கூச்சத்துக்காகத் துண்டால் முகத்தை இறுக்கக் கட்டிக்கொள்வார்கள். புடவைக்கு மேலே புருஷனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். இவளும் அப்படித்தான். பச்சைக் கோடு போட்ட சட்டை. அதில் ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு.

"அண்ணா, இது..." என்று இழுத்தாள் சாலம்மாள்.

"தெரியுது."

"போடட்டுமா, வாணாமா? போட்டாலும் ஜெயா பேர நான் சொல்லமாட்டேன்."

"இருக்கட்டும். நீ கோட்டத் தாண்டாம நில்லு."

தனக்கு ஏதாவது ஆகிறதா என்று தேசப்பன் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. லென்ஸைத் துடைத்து மூடினார்.

சாயங்காலம் சாலம்மாள் முதலில் தடுமாறினாலும் போகப்போகத் தெளிவாகவே பேசினாள். திரைப்பக்கம் திரும்பவே இல்லை. கடைசிப் படம் வந்தது.

"போன வருசம் எங்க கூட வேல செஞ்சவங்க ஒருத்தங்க வெயில்ல விழுந்து செத்துப்போயிட்டாங்க. இவங்கதாங்க அது."

தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திண்டிவனத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த ஆதிமூலம் எழுந்தார். மணிக்கூண்டு அவருடைய யோசனை.

"மூஞ்சியே தெரியலியேம்மா. யாரோ ஒருத்தங்க துண்டு கட்டிக்கினு நிக்கறாங்க. இவங்கதான் செத்தாங்கன்னு எப்படி நம்பறது? பேரு கீரு எதனா இருக்குதா?"

சாலம்மாள் வாயைத் திறந்தாள். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். கேட்பது நியாயம்தானே என்று நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள்.

தேசப்பன் எழுந்து முன்னால் போனார். சுற்றிப் போகவில்லை; நேராக வெளிச்சத்துக்குக் குறுக்கே போய் நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டை மேல் பச்சைக் கோடுகள் விழுந்தன.

"அது என் சட்டைங்க," என்றார். "செவப்புப் பொத்தான் நாந்தான் தெச்சுக் குடுத்தேன். ஊசியில நூல் கோக்க அவளுக்குக் கண்ணு தெரியாது. உப்பப் பாத்துப் பாத்தே கண்ணு போயிடுச்சு. பேரு ஜெயா. என் சம்சாரம்."

எதிரே ஒருத்தர் முகமும் தெரியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கையால் மறைத்துக்கொண்டார். இப்படியொரு வெளிச்சத்தில்தான் அவள் நாளெல்லாம் நின்றிருக்கிறாள். ஊரில் எத்தனையோ பேரைப் படம் எடுத்தவர், அவள் நின்ற இடத்தில் போய் ஒருநாளும் நின்றதில்லை. கண் கூசித்தான் தண்ணீர் வருகிறது என்று நினைத்தார். கையை எடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிய பிறகும் அது நிற்கவில்லை.

யார் யார் கை தூக்கினார்கள் என்று அவருக்குத் தெரியாது. சாலம்மாள் கோட்டைத் தாண்டி வந்து, "கொட்டகையே போட்டுடலாம்னு சொல்லிட்டாங்க அண்ணா," என்றாள். அப்போதுதான் தேசப்பன் வாய்விட்டு அழுதார். அத்தனை பேர் முன்னால், வெட்கமில்லாமல் அழுதார்.

புரொஜெக்டரை அணைக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். அதனால் ஜெயா போகாமல் அப்படியே நின்றிருந்தாள்.