டேங்க் மூடிக்கு வைத்த பொட்டு

சண்டை முடிந்து பட்டாளத்தார் விற்றுத் தள்ளிய வண்டிகளில் ஒன்றை எங்கள் எஸ்டேட் துரை வாங்கி வந்தார். பின்பக்கம் திறந்த சின்ன லாரி, டீசலில் ஓடுவது. ஏற்காட்டு மலையில் அப்போது டீசல் வண்டி என்றாலே புதுசுதான். அதை ஓட்டும் வேலை அப்பாவுக்குக் கிடைத்ததால், கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லைனிலிருந்து டிரைவர் வீட்டுக்குக் குடி மாறினோம். அந்த வீட்டில் ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னலுக்காகவே அம்மா லாரியைத் தெய்வமாகக் கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை தோறும் லாரிக்குப் பொட்டு வைப்பது என் வேலை. எனக்கு ஒன்பது வயது. முன் கண்ணாடிக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, டீசல் டேங்க் மூடிக்கு ஒன்று.

"மூடிக்கு எதுக்கு?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"அதுதானுங்க வண்டியோட வவுறு. வவுத்துக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?" என்றாள் அம்மா. சாமி காரியத்தில் அம்மாவை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். பொட்டு எங்கே வைப்பது என்று தெரிவதற்காக வெள்ளைக்காரன் குறி போட்டு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். விபூதியையும் சந்தனத்தையும் குழைத்து, சரியாக அந்த ஓட்டையின் மேல் அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பேன். சாமிக்கென்று வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு ஏறிக்கொண்டு போயிற்று.

ஐப்பசி மழை விட்ட பிறகு லாரிக்குச் சீக்கு வந்தது. வாரம் ஒரு தரம் சேலத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வர வேண்டும். இறக்கத்தில் சொன்ன பேச்சுக் கேட்கும் வண்டி, ஏற்றத்தில் பாதி மலைக்கு வந்ததும் இருமும், முக்கும், நின்றுவிடும். ஸ்டியரிங் பக்கத்தில் டீசலின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு மீட்டர் உண்டு. வண்டி நிற்பதற்கு முன் அதன் முள் மெல்ல மெல்லச் சரிந்து கீழே படுத்துவிடும். அப்பா பானெட்டைத் திறந்து, பம்பில் சிக்கிய காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்வார். முள் ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து நிற்கும். இரண்டு மூன்று வளைவு போனதும் மறுபடி படுக்கும்.

ஒரு வாரம் பேட்டரியும் தீர்ந்துபோய், பக்கத்து வாழவந்தி கிராமத்துக் குடியானவர் ஒருவர் தம் காளைகளைப் பூட்டி லாரியை இழுத்து வந்தார். எஸ்டேட் வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏனுங்க டிரைவரே, எம்மாட்டுக்கு டீசல் ஊத்தோணுமுங்களா, உங்க வண்டிக்குப் புல்லுப் போடோணுமுங்களா?" என்றார். லைனே சிரித்தது. அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

துரை சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் ஷெட்டில் வண்டியை நிறுத்தியபடியே ஓட விட்டுப் பார்த்தார். முள் அசையாமல் நின்றது. மீட்டர் பொய் சொல்கிறது என்று மீட்டரை மாற்றினார். புது மீட்டரும் ஷெட்டில் நல்ல பிள்ளையாகவும் மலையில் கெட்ட பிள்ளையாகவும் இருந்தது. பம்ப் பழுது என்று பம்பை மாற்றினார். அப்படியும் வண்டி நின்றது. மாற்ற இன்னும் மிச்சம் இருந்தது அப்பா மட்டும்தான்.

"மீட்டரு புதுசு, பம்பு புதுசு. டிரைவருதான் பழசு" என்றார் மெக்கானிக். அவருடைய தங்கை புருஷன் லாரி ஓட்டுவாராம்.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் எங்கள் வீட்டுக்கு வந்து துரையின் உத்தரவைச் சொன்னார். வருகிற சனிக்கிழமை அரிசி லாரி யார் தயவும் இல்லாமல் மேலே வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை புது டிரைவர். வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். ரைட்டர் நல்லவர். சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார்.

சனிக்கிழமை காலை, லாரியின் கிளீனருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அம்மா எனக்குத் தலை வாரிவிட்டு, "நீ போ கண்ணு. பொட்டு வெக்கற கை கூட இருக்கட்டும்" என்று வண்டியில் ஏற்றிவிட்டாள். அப்பா மறுக்கவில்லை. மறுக்கிற தெம்பு அவரிடம் இல்லை.

சேலத்தில் அரிசி ஏற்றினோம். அடிவாரத்து முனியப்பனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏறத் தொடங்கினோம். என் கண் மீட்டர் முள்ளிலேயே இருந்தது. ஆறாவது வளைவு, ஏழாவது வளைவு. பிறகு முள் தலை குனிந்தது. அப்பாவின் வாய் சாமி பேரை முணுமுணுத்தது. வண்டி இருமியது, முக்கியது, நின்றது.

அப்பா இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, "டேங்கைத் தொறந்து குச்சி உட்டுப் பாரு கண்ணு, எண்ணெ எவ்வளவு கெடக்குதுன்னு" என்றார். எப்போதும் அது கிளீனர் செய்யும் வேலை. அந்த நேரத்தில் அப்பாவின் தலை பானெட்டுக்குள் இருக்கும்.

மூடியைத் திருகினேன். வரவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். உள்ளே யாரோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது போல் இருந்தது. கடைசியில் உஸ்ஸென்று ஒரு சத்தத்தோடு மூடி கையோடு வந்தது. நான் பயந்து அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, டேங்கு பெருமூச்சு உட்டுச்சு."

"என்னது?"

"மூடிய உள்ளுக்கு இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சுப்பா. தொறந்ததும் உஸ்ஸுன்னு மூச்சு வாங்குச்சு."

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பார். அன்று மூடியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பொட்டின் மேல் பொட்டாக ஏறி, சுண்ணாம்புக் காரை போல் இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினார். அசையவில்லை.

"சட்டையில ஊக்கு இருக்குதா சாமி?"

கழற்றிக் கொடுத்தேன். ஊக்கின் முனையை வைத்து அவர் பொட்டைக் குத்தத் தொடங்கியதும் எனக்கு உயிரே போயிற்று. "துடைக்கக் கூடாதுப்பா, சாமி பொட்டு" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"பழசாயிருச்சு கண்ணு. புதுசா வெச்சுக்கலாம்" என்றார். குத்தி முடித்து, ஓட்டையில் வாய் வைத்து ஊதினார். காற்று மறுபக்கம் போயிற்று. மூடியைத் திருகிவிட்டு, மடியில் முடிந்திருந்த முனியப்பன் விபூதியை எடுத்து என் விரலில் வைத்தார். வழக்கமான இடத்துக்கு என் விரல் போனபோது அதைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்தினார். "இனிமே இங்க வெய்யி. நடுவுல வேண்டாம்." ஏன் என்று சொல்லவில்லை.

பம்பிலிருந்து ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தார். முள் எழுந்தது. எட்டாவது வளைவிலும் முள் சரியாமல் நின்றது. பத்தாவது வளைவில் அப்படியே நின்றது. முன்பெல்லாம் வண்டி மறுபடி படுத்துவிடும் இடத்தைத் தாண்டியபோது அப்பா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். முள் அசையவில்லை. பிறகு அவர் வேகமாக மிதித்தார். மூட்டைகளோடு லாரி உறுமிக்கொண்டு ஏறியது. அப்பா முருகன் பேரில் ஏதோ பாட்டுப் பாடினார். அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைவீதியில் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார். வழியில் காளை வண்டியோடு வந்த அந்த வாழவந்திக் குடியானவரைப் பார்த்ததும், தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, ஏத்தம் சிரமமா இருந்தாச் சொல்லுங்க, கவுறு கட்டி இழுத்துக்கறேன்" என்றார். குடியானவர் துண்டை எடுத்து ஆட்டிச் சிரித்தார்.

எஸ்டேட்டில் அரிசிக்குப் பையோடு நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். துரையும் ரைட்டரும் வெளியே வந்தார்கள். முடிவைப் பார்க்கக் காத்திருந்த மெக்கானிக் ஓடிவந்து தலையை உள்ளே விட்டு மீட்டரைப் பார்த்தார். முள் நிமிர்ந்து நின்றது. என்ன பழுது என்று துரை கேட்பதாக ரைட்டர் சொன்னார்.

"டேங்க் மூடி ஓட்டையில தூசி அடைச்சிருந்துதுங்க. காத்துப் போவ வழியில்லாம, ஏத்தத்துல எண்ணெ நெறைய இழுக்கறப்ப டீசலு எறங்கலீங்க. மீட்டரு நெசந்தானுங்க சொல்லிச்சு, நாமதான் பம்புல தேடினோம்."

துரை மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்தார். அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். திங்கட்கிழமை யாரும் வரவில்லை. ஜன்னல் எங்களுக்கே இருந்தது.

நான் பெண்களிடம் ஓடினேன். "முள்ளு படுத்திருச்சு. நான் புதுப் பொட்டு வெச்சேன், உடனே எந்திரிச்சிருச்சு" என்று கை ஆட்டிச் சொன்னேன். "அப்படீங்களா டிரைவரே?" என்று அவர்கள் கேட்டபோது, அப்பா மூட்டையை இறக்கிக்கொண்டே, "ஆமாங்க, இவ பொட்டுதான் காரணம்" என்றார். அந்தப் பெண்களோடு நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவு காலம் கழித்து, என் மகன் தன் வண்டியின் டேங்க் மூடியைக் காட்டி இந்த ஓட்டை வழியாகத்தான் டேங்க் மூச்சு விடும் என்று சொன்ன அன்றுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அப்பா ஆமாம் என்று சொன்னது முழு நிஜம். துரையிடம் தூசி என்று சொன்னது, எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய். ஓட்டையை அடைத்தது பொட்டுதான் என்று அம்மாவிடமும் அவர் கடைசி வரை சொல்லவில்லை.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. சாமியின் சந்தனத்தைத் துரை முன்னால் தூசி என்று சொல்லிவிட்டாரே என்று அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. லைன் ஓரத்துப் பிள்ளையாரிடம் தனியாகப் போய், அப்பாவை மன்னித்துவிடச் சொல்லி, அவருக்காக மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தேன்.